ஐந்து விரல்

குருசாமியின் உயிருக்கு நான் போட்ட விலை ஐந்து விரல். டீ ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா.

நான் பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. தொட்டிலிலேயே பேரம் கேட்டு வளர்ந்தவன். வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தரகு எனக்கு. தலைவர் யார் மலையேறி வந்தாலும் கல்லெறி நடந்த காலத்தில், உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் ஒரு யோசனை சொன்னார். கதர்க்காரரும் செங்கொடிக்காரரும் சேர்ந்து கமிட்டி போட்டு, வருகிறவரின் காவலை இரண்டு பேரும் மேற்பார்க்க வேண்டும். நடுவில் பொது ஆளாக என்னை உட்கார்த்தினார். இரண்டு கட்சியும் எனக்கு வாடிக்கை.

கமிட்டி என்றால் என்ன கமிட்டி? என் பொறுமையைச் சோதிக்க வந்தது. கதர்ப் பக்கம் சின்னையன், கிழக்குப் பாலக்காட்டிலிருந்து வந்து தோட்டம் வாங்கியவர். செங்கொடிப் பக்கம் பெரியமுத்து, எஸ்டேட் கங்காணி மகன். எங்கே எத்தனை ஆள் என்று கேட்டால் இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

"ஏனுங்க ராவுத்தரே, நாங்க மொதல்ல சொன்னா அவிங்க ஒண்ணு கூட்டிச் சொல்லுவாங்க. அவிங்களே ஆரம்பிக்கட்டுங்க."

"அவரு தோட்டத்துல ஆளு இருந்தாத்தான பாய் சொல்லுவாரு? பாதிப் பேரு நம்ம கொடியில இருக்கான்."

உட்கார்ந்தால் இதே கச்சேரிதான். வெறுத்துப்போய் ஒருநாள் தோள் துண்டை மேசையில் விரித்தேன். எங்கள் ஏலத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கடியில் கை கோத்து, எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அத்தனை. பக்கத்தில் இருப்பவனுக்கும் தெரியாது. தெரிந்தவன் வெளியே சொல்லவும் கூடாது. இனி காவல் கணக்கும் இப்படித்தான் என்றேன். இரண்டு பேருக்கும் பரம திருப்தி. ஒருவரை ஒருவர் மேற்பார்க்க வந்தவர்கள், என் கையை மட்டும் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தப்பு என்று சொன்னால் முதல் தப்பு அவர்களுடையது.

பிறகு வண்டிப்பெரியாரிலிருந்து தொழிற்சங்கத் தலைவர் குருசாமி வருவதாகச் சேதி வந்தது. நல்ல மனுஷன். என் கடையில் பல தடவை சாப்பிட்டிருக்கிறார். இந்தத் தடவை சிறு விவசாயிகளுக்குச் சங்கம் வைத்து, ஏலத்தை வாய்விட்டுக் கூவி நடத்தப்போவதாக மைதானத்தில் அறிவிக்க இருந்தார். துண்டே வேண்டாமாம். பத்துப் பேர் காதில் விழ விலை சொன்னால், தரகன் எதற்கு? அதை அவரிடமே கேட்டேன். "நீங்களும் வந்து கூவுங்க பாய், நல்ல தொண்டைதானே," என்று சிரித்தார்.

அன்று கமிட்டியில் மரப்பாலத்துப் பேச்சு வந்தது. மைதானத்துக்கு வர அது ஒன்றுதான் வழி. எதிர்க்கட்சி எத்தனை பேரைப் பாலத்தில் நிறுத்துகிறது என்று சின்னையன் துண்டுக்கடியில் கை நீட்டினார். ஐந்து விரலையும் பிடித்தேன். "அப்ப நம்ம ஆளுங்க மைதானத்துலயே நிக்கட்டுங்க," என்று எழுந்தார். பெரியமுத்து கையிலும் அதே ஐந்து. அவனும் தன் ஆட்களை மேடைப் பக்கம் வைத்துக்கொண்டான், தலைவர் கண்ணில் படட்டும் என்று.

பாலத்தில் யாரும் இல்லை.

அவர் வரும் நாள் பிற்பகல் நான் பாலத்தைப் பார்க்கப் போனேன். இரண்டு பலகை உளுத்திருந்தது. பழுது பார்க்கலாம் என்று கழற்றி வைத்தேன். புதுப் பலகை வாங்கவில்லை. அவர் வரும் ஐந்தரைக்கு மஞ்சு இறங்கிப் பாதை மறைந்துவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு ஆள் நின்றிருந்தாலும் கையைக் காட்டி ஜீப்பை நிறுத்தியிருப்பான். அதற்குத்தானே ஐயா கமிட்டி? ஜீப் பாலத்திலிருந்து விழுந்தபோது டிரைவரும் உள்ளே இருந்தான். பெயர் விசாரிக்கவில்லை.

அதற்கப்புறம் உன் ஆள் ஓடிவிட்டான், உன் ஆள் ஓடிவிட்டான் என்று இரண்டு கட்சியும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. துண்டுக்கடியில் நடந்ததைக் கேட்பது மரியாதை இல்லை.

கேட்டவள் சின்னத்தாயி, குருசாமியின் மனைவி. முன்பு என் கிட்டங்கியில் காய் பொறுக்கியவள். ஏல நாளன்று சபைக்கு நடுவில் வந்து என் எதிரே உட்கார்ந்தாள். துண்டுக்கடியில் கையை நுழைத்தாள். யாரோ சிரித்தார்கள்.

"பாலத்துல எத்தன பேரு பாய்?"

ஐந்து விரலையும் விரித்துக் காத்திருந்தாள். வலப்பக்கம் பெரியமுத்து, இடப்பக்கம் சின்னையன். பிடித்திருந்தால் முடிந்திருக்கும். ஏனோ என் கை மேலே போகவில்லை. நான் ஒரு விரலையும் தொடவில்லை. வெகுநேரம் வெறும் கையை வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டாள். ஒருவரும் இல்லை என்ற கணக்கோடு நேரே உங்களிடம் வந்துவிட்டாள். துண்டுக்கடியில் தெரிந்ததை வெளியே சொல்வது நம் ஊர் வழக்கமா ஐயா? எனக்கு வருத்தம் அதில்தான்.

போகட்டும். வியாபாரி கணக்கை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டான். சின்னையனிடம் ஒரு பொய், பெரியமுத்துவிடம் ஒரு பொய். சின்னத்தாயியிடம் ஒரு நிஜம், இப்போது உங்களிடம் ஒரு நிஜம். இரண்டுக்கு இரண்டு. பாக்கி ஒன்றும் இல்லை.