சக்களத்திப் புல்

— நாலாவது பட்டத்துலயும் இருக்குது மலர்க்கொடி அக்கா. இந்தா, ஒண்ணு, ரெண்டு, மூணு. அத்தனையும் சக்களத்திப் புல்லு.

— வயலுக்குள்ளேருந்து கத்தாத அனிதா மேடம், சபாபதி அண்ணன் காதுல வுழுந்துரப் போவுது. பதினோரு பொம்பளைங்க வயலை ஆளுக்கொரு பட்டமா பிரிச்சுக்கினு, நாலு நாளா குனிஞ்ச முதுகு நிமிராம எடுத்த களை இது.

— அவரு டீக்கடைக்குப் போயிருக்காரு. போறப்பவே சொல்லிட்டுதான் போனாரு. "ஒங்க வெதச் சான்றுக்காக வெத நெல்லுக்குன்னே வுட்ட வயலு, களை இருந்தா சான்று கெடைக்காது. இந்தக் கும்பல்ல ஒருத்திக்குக் கண்ணு சரியில்லன்னு காதுல வுழுந்துச்சு. யாருன்னு கண்டுபுடிச்சுச் சொல்லுங்க மேடம், நாளையிலேருந்து நிறுத்திடறேன்"னாரு.

— நிறுத்திட்டா அவ சோத்துக்கு இன்னா பண்ணுவா? நடவு, களை, அறுப்புன்னு இந்தக் கீரப்பாளையம் சுத்துல அவரு நெலத்த வுட்டா எங்களுக்கு வேற போக்கு ஏது?

— நானா நிறுத்தச் சொல்றேன்? படிச்சு பட்டம் வாங்கி, முதுநகர் ஆபீசுலேருந்து பூதக்கண்ணாடியோட பஸ் ஏறி வந்தவ நான். என்னையே ஏமாத்துதே! அதே பச்சை, அதே உசரம், அதே மாதிரி விறைப்பா நிக்குது. கதிர் வர்ற வரைக்கும் நெல்லுன்னே நம்பலாம்.

— அதனாலதான அதுக்கு அந்தப் பேரு. மூத்தவ கட்டுன பொடவையையே வாங்கிக் கட்டிக்கினு வந்து பக்கத்துல நிப்பா.

— அந்தப் பொடவைய யாரு எடுத்துக் குடுத்தாங்கன்னு நெனைக்கிறீங்க? நீங்கதான்.

— நானா? அட போ மேடம்.

— நீங்களும், ஒங்களுக்கு முன்னாடி ஆயிரக்கணக்கான வருசமா களை எடுத்தவங்க எல்லாரும். முன்னல்லாம் இந்தப் புல்லு தரையோட படர்ந்து, அடித்தண்டு செவந்துதான் இருந்துச்சு. பாத்ததும் தெரிஞ்சிடும், புடுங்கிடுவாங்க. கூட்டத்துல ஒண்ணு ரெண்டு கொஞ்சம் நெல்லு சாயல்ல பொறந்திருக்கும். அது கண்ணுக்குத் தப்பி வெத போடும். அதோட புள்ளைங்கள்ல சாயல் ஜாஸ்தியா இருக்கறது மறுபடியும் தப்பிக்கும். நீங்க புடுங்கப் புடுங்க, அது நெல்லு மாதிரியே ஆயிடுச்சு.

— புல்லுக்கு ஏது மேடம் அவ்ளோ மூளை?

— மூளையே கிடையாதுக்கா, அதான் அதிசயம்! மாறணும்னு ஒரு புல்லும் நெனைக்கல. தப்பிச்சது பெத்துச்சு, மாட்டுனது போச்சு. ஒரே ஒரு எடத்துலதான் அதுக்கு வேசம் கட்டத் தெரியல. இலை தண்டோட சேர்ற இடுக்குல நெல்லுக்கு மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும், இதுக்கு இருக்காது.

— ஆமா, நெல்லுல வெரலுக்கு நெரடும். இவகிட்ட வழுக்கிக்கினு போவும். எங்கள வச்சே எங்களுக்கு நாமம் போட்டுட்டாளே! கள்ளன் பெரியவனா காப்பான் பெரியவனாங்கற கதைதான். இத்தினி நாளு வாய்க்கு வந்தபடி திட்டுனேன், இப்ப கும்புடலாம் போல இருக்குது அந்தக் கெட்டிக்காரிய.

— ஒரு நிமிசம் இருங்க. மத்த பத்துலயும் இருந்துச்சு, இந்தக் கடைசிப் பட்டத்துல ஒண்ணையும் காணோமே. திரும்ப ஒரு தடவ போயிப் பாத்துடறேன்... இல்லக்கா, ஒண்ணுகூட இல்ல! சான்ஸே இல்ல. யாரு எடுத்தது இது?

— ஏன் கேக்கற?

— அட, பயப்படாம சொல்லுங்க.

— நான் எடுத்ததுதான்.

— மாதாவே! இத்தன ஆயிரம் வருசமா மனுசன் கண்ணுக்குத் தப்பிப் பழகுன புல்லு, ஒங்ககிட்ட பலிக்கலையே! எப்படிக்கா?

— அது இன்னாவோ, கைப்பழக்கம்.

— இருங்க, இப்பவே போன் போடறேன்... ஹலோ, சபாபதி சாரா? அனிதா பேசறேன். யாரையும் நிறுத்தாதீங்க. மத்த பட்டத்தையெல்லாம் மலர்க்கொடி அக்கா ஒரு தடவ திரும்பப் பாக்கட்டும், அடுத்த வாரம் வந்து சான்றுக்கு எழுதறேன். அவுங்க இல்லாம இனிமே இந்த வயல்ல களை எடுக்காதீங்க. சரிதானே? அப்புறம் பேச்சு மாறக் கூடாது சார்... சரின்னுட்டாருக்கா!

— மெய்யாவா? வயித்துல பால வாத்த மேடம். நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல.

— நீங்க எதுக்குப் பயந்தீங்க? சரி, நான் வரப்புக்கே ஏறி வந்துட்டேன், அந்த வித்தைய எனக்கும் காட்டுங்க. ஒண்ணு நெல்லு, ஒண்ணு சக்களத்தி. எது எதுன்னு சொல்லுங்க பாப்போம்.

— கையில குடு, சொல்றேன்.

— ஒங்க மூஞ்சிக்கு நேராதானே நீட்டிக்கினு இருக்கேன், வாங்கிக்கங்க.

— எந்தப் பக்கம் நீட்டற மேடம்?