பம்புக்குப் போர்த்திய பொன்னாடை

— கேட்கிறதா, மதலேனா?

— கேக்குது.

— நன்றாகக் கேட்கிறதா, சுமாராகக் கேட்கிறதா?

— முன்னாடி போற பஸ்ஸுக்காரன் திரும்பிப் பாக்குறான். அதுக்கு என்ன மார்க்கு உண்டோ, போட்டுக்கங்க.

— சுருளிராஜா, பின்னிருக்கையில் காதை வைத்துப் படுத்திருக்கிறாயே, மெக்கானிக் என்ற முறையில் உன் கருத்து யாது?

— பெட்ரோல் பம்புலருந்துதான் வருது சார். தேனியில கெளம்பும்போது கப்சிப்னு இருந்துச்சு. வீரபாண்டி வரவும் முனங்க ஆரம்பிச்சது, இப்ப ரன்னிங்ல கூடிக்கிட்டே போகுது.

— மணி பத்தாகிறது. பதினொன்றுக்கு உத்தமபாளையத்தில் லிங்கேஸ்வரன் காத்திருப்பான். அதற்குள் இவ்வொலி நின்றால் இந்த அம்பாசிடர் நம்முடையது, நில்லாவிடில் அவனுடையது. இந்த அந்தோணிமுத்து சொன்ன சொல் மாறான்.

— ஒரு சத்தத்துக்காக யாராச்சும் காரை விப்பாகளா? அதுபாட்டுக்குக் கத்திட்டுப் போகட்டும். நான் ஏதும் சொன்னனா?

— நீ பெருந்தன்மையால் பொறுக்கிறாய். எனக்கு மானம் போகிறது. சென்ற ஞாயிறு கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினேன். சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, 'வெளியே யாரோ மாவு அரைக்கிறார்கள், முடியட்டும்' என்றார். நான் பூசைக்குப் பிந்தி வந்தது மோட்சம் வரைக்கும் தெரிந்துவிட்டது.

— சார், நான் மாட்டுன அன்னைக்கு இந்தச் சத்தம் இல்ல. மேகமலை ஏத்தத்துல பழைய பம்பு சூடேறி நின்னுபோச்சுன்னு சொன்னீக, அதுக்காகத்தான் இந்தக் கரண்டு பம்பே போட்டோம். டேங்க்குக்குப் பக்கத்துல, கீழ் மட்டமா, அதிராம இருக்க ரப்பர் புஷ் வச்சு மாட்டுனேன்.

— உன் வேலையில் குறையே இல்லை. அதன்பின் நான் செய்த திருத்தங்களில்தான் குறை.

— திருத்தமா? என்ன சார் பண்ணுனீக?

— முதற்கண், என் ரப்பர் செருப்பை அறுத்துப் பம்பின் அடியில் மெத்தை வைத்தேன். ஒரு செருப்பே போதும் என்று கணக்கிட்டதால் மற்றொன்று மிஞ்சியது. அதை இன்றுவரை யாரும் கேட்டு வரவில்லை. அடுத்து, சைக்கிள் டியூபைச் சுற்றினேன். அதுவும் போதாதென்று... மதலேனா, நீயே சொல்.

— பொன்னாடை.

— என்னதும்மா?

— ரிட்டையர்டு ஆன அன்னைக்கு இவுகளுக்குப் போத்துனாகல்ல, ஜரிகை வச்சது. அதுல ரெண்ட எடுத்துப் பம்புக்குப் போத்திவிட்டுட்டாக.

— முப்பத்துநான்கு ஆண்டுகள் வகுப்பறையில் கத்தியவனுக்கே போர்த்தினார்கள். ஐந்து மாதமாகக் கத்துவதற்கு ஏன் போர்த்தலாகாது என்று எண்ணினேன். எனக்குப் போர்த்தியவர்களின் நோக்கமும் கத்தலை அடக்குவதாகத்தான் இருந்திருக்கும் என்பது, பம்பின் அடியில் மல்லாந்து கிடந்தபோதுதான் விளங்கியது.

— ஐயோ சார்! பெட்ரோல் ஓடுற எடத்துல துணியச் சுத்துவாகளா? ஒரு பொறி பட்டுச்சுன்னா?

— எனக்குப் போர்த்திய புகழ் எல்லாம் எரிந்திருக்கும், நானும் சேர்ந்து. நேற்றே அவிழ்த்துவிட்டேன், பயப்படாதே. துவைத்தும் பெட்ரோல் மணம் போகவில்லை.

— ஆனா ஒண்ணு தம்பி, இந்தச் சத்தம் வந்ததுலருந்துதேன் இவுக வீடு தங்குறாக. இல்லாட்டி விடிஞ்சதும் காரை எடுத்துட்டுப் போயிட்டு, வெளக்கு வைக்கத்தேன் வருவாக. இப்பக் காலையில காப்பி குடிச்சதும், 'மதலேனா, வந்து முன்சீட்டுல உக்காரு, உனக்குத்தான் காது கூர்மை'ம்பாக. சத்தம் பாக்கணும்னே வைகை அணைக்குக் கூட்டிட்டுப் போனாக. கட்டிவந்து முப்பத்தாறு வருஷம். இந்தா இருக்கு அணை, நான் பாத்தது இப்பத்தேன்.

— அணையில் காற்றின் இரைச்சல் மிகுதி. ஒலியை மதிப்பிடவே இயலவில்லை. வீண் பயணம்.

— எனக்கு வீணில்ல.

— நடுவே இரண்டே நாள் நின்றதே, நினைவிருக்கிறதா? போன மாதம். என் செருப்பு வென்றுவிட்டதென்று பூரித்து, முதல் நாள் சுருளி அருவிக்கும் மறுநாள் கும்பக்கரைக்கும் தனியே ஓட்டிச்சென்று, பார்த்தவரிடமெல்லாம் அதன் விஞ்ஞானத்தை விளக்கினேன். மூன்றாம் நாள் மீண்டும் ஓலம். விளக்கம் கேட்டவர்கள் இப்போது என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்கள்.

— சார், ஒரு நிமிசம். அந்த ரெண்டு நாளு செருப்பால நிக்கல. வண்டிய ஓரங்கட்டுங்க.

— சீலையம்பட்டி தாண்டட்டுமே.

— இங்கனயே நிறுத்துங்க, அந்தத் தென்னந்தோப்புக்கிட்ட. எஞ்சின ஆஃப் பண்ணுங்க. நான் எறங்கி டேங்க் மூடியத் தொறக்குறேன்.

— ஏப்பா, இந்த வெயிலுக்குள்ள எதுக்கு எறங்குற? மோரு கொண்டாந்திருக்கேன், குடிச்சிட்டுப் பெறகு பாக்கலாம்.

— இருக்கட்டும்மா. சார், காதக் குடுங்க... இந்தா!

— என்ன அது, 'புஸ்ஸ்' என்று?

— காத்து உள்ள போகுது சார். இப்பச் சாவியத் திருப்புங்க. பம்பு ஓடுதா?

— ஓடுகிறது போலும். ஒன்றுமே கேட்கவில்லையே! சுருளிராஜா, நின்றுவிட்டதடா! என்ன மாயம் செய்தாய்?

— மாயமெல்லாம் இல்ல. மூடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பெட்ரோல் கொறையக் கொறைய அது வழியாத்தான் டேங்க்குக்குக் காத்து வரணும். அத அடைச்சிட்டா பம்பு இழுத்து இழுத்துப் பாக்கும், பெட்ரோல் வராமக் கத்தும். பாருங்க, ஓட்டை பூராம் துணி தொவைக்கிற சோப்பு. போன மாசம் வீட்டுக்குப் பேட்டரி பாக்க வந்தப்பவும் இப்படித்தான் இருந்துச்சு, குச்சிய விட்டு எடுத்தேன். அதேன் ரெண்டு நாளு சத்தம் இல்ல. நீங்க குளிச்சிக்கிட்டிருந்தீக, அதனால அம்மாகிட்டச் சொல்லிட்டுப் போனேனே.

— அடுப்புல வெஞ்சனம் கெடந்துச்சு... மறந்துட்டேன் போல.

— மறுபடி எப்படி அடைஞ்சுச்சுன்னுதான் சார் புரியல.

— புரிவதற்கு என்ன இருக்கிறது? நாள்தோறும் வண்டியைக் கழுவுபவன் எவன்? நான். மூச்சுத் துளையை என் கையாலேயே அடைத்துவிட்டு, ஐந்து மாதம் அடியில் படுத்துப் பம்பிற்குப் பாராட்டு விழா எடுத்திருக்கிறேன்.

— நீங்க ஷாம்பூ போட்டுத்தான சார் கழுவுவீக?

— என் பக்கம் வாதாடாதே, தோற்றுப்போவாய். மதலேனா, அந்தச் செல்பேசியைக் கொடு. லிங்கேஸ்வரனிடம் வந்துகொண்டிருக்கிறோம் என்று சொல்கிறேன்.

— சத்தந்தேன் நின்னுபோச்சுல்ல? நின்னா நம்ம வண்டின்னு நீங்கதான சொன்னீக?

— அப்போது வண்டியின்மேல் ஐயம் இருந்தது. இப்போது ஓட்டுபவன்மேல் அன்றோ வந்துவிட்டது! இத்தனை அறிவாளியின் கையில் ஒரு கார் இருப்பது கம்பம் பள்ளத்தாக்கிற்கே ஆபத்து. லிங்கேஸ்வரன் எடுத்துக்கொள்ளட்டும். நான் வீட்டில் நாற்காலியைப் போட்டுப் பத்திரிகை படிக்கிறேன். அதில் அடைப்பதற்கு ஓட்டை ஏதுமில்லை. இதோ, அழைக்கிறேன்...

— போன வைங்க.

— மணி அடிக்கிறதே, மதலேனா.

— வைங்கன்னு சொல்றேன்ல! சோப்பு அடைச்சது நீங்க இல்ல.

— வேறு யார்?

— நாந்தேன். மொதத் தடவ, பெட்ரோல் வாடை அடுப்படி வரைக்கும் வருதேன்னு அடைச்சேன், மாதா மேல சத்தியமா. ரெண்டாந்தடவ... சத்தம் நின்ன அந்த ரெண்டு நாளும் இந்த முன்சீட்டு காலியாத்தான போயிட்டு வந்துச்சு.