அட்டையிலை எழுதிக் கிடந்த பேர்

இல்லை அண்ணை, எழும்பாதேங்கோ. எங்களைக் கூப்பிட்ட தெர்மின் பதினொண்டரைக்குத்தான். உள்ளை மியூசியத்தை நடத்திற டொக்டரம்மா இன்னும் ஆரோடையோ கதைச்சுக்கொண்டிருக்கிறா. அந்தக் கதிரை ஆடும், இஞ்சாலை வந்து இருங்கோ. நல்ல கோட்டு, கசங்கிப் போகும்.

ஓம், ஓம், மொழிபெயர்க்கிற டொல்மெச்சருக்கு விசயம் முதலே தெரிஞ்சிருக்கத்தான் வேணும். அதுகும் பரராசசிங்கம் எண்டால் சும்மா ஆளே? இருபது வருசமா எங்கடை சனத்துக்கு வாயா இருக்கிறியள். சொல்லுறன். நான் யாகோப்பு. ஊர் மன்னார், பேசாலை. இந்த மியூசியத்திலை ஒன்பது வருசமாக் காவல். ரெண்டாம் மாடி, கரீபியன் தீவுச் சாமானுகள் கிடக்கிற அறை. கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு மூலையிலை நிண்டு, தொடாதேங்கோ தொடாதேங்கோ எண்டு சொல்லுறதுதான் உத்தியோகம். போன மாசம் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, உள்ளை கிடந்த, சாமானின்ரை பேர் எழுதின அட்டையை எடுத்தனான். அதுக்குத்தான் இண்டைக்கு விசாரணை.

எடுத்தனான். வடிவாக் கேட்டுக்கொள்ளுங்கோ. களவெடுத்தனான் எண்டு நான் சொல்லேல்லை. ஜெர்மனிலையும் ரெண்டுக்கும் வேறை வேறை சொல்லு இருக்காம். ஒண்டைப் போட்டால் எச்சரிச்சு ஒரு கடிதம் தருவினம். மற்றதைப் போட்டால் இண்டைக்கே சாவியைக் குடுத்திட்டு வீட்டை போகவேணும். ஐம்பத்திமூண்டு வயதிலை எனக்கு வேறை ஆர் வேலை தரப் போகினம்? அப்ப என்ரை சோறு உங்கடை நாக்கிலை கிடக்கு. சிரிக்கிறியள். சிரியுங்கோ.

ஒரு அட்டைக்கு ஏன் இவ்வளவு கூத்து எண்டோ? அது பழைய அட்டையாம். இந்த மியூசியத்தைத் தொடங்கின மனிசன் தன்ரை கையாலை எழுதினதாம். ஆரந்த மனிசன் தெரியுமே? பொத்தான் வியாபாரி. சட்டைப் பொத்தான் வித்துக் காசு சேர்த்தவர். அந்தத் தீவுப் பக்கம் கால் வைச்சே பாக்கேல்லை. துறைமுகத்திலை கப்பல்காரர் கொண்டு வந்த சாமானை மலிவா வாங்கி, வீட்டிலை இருந்து சுருட்டைக் குடிச்சுக்கொண்டு பேர் எழுதியிருக்கிறார். அந்தக் கையெழுத்துக்குத்தான் இஞ்சை இவ்வளவு மரியாதை. அதுக்குத் தனி வெளிச்சம் போட்டிருக்கினம். சாமானுக்கு இல்லை, அட்டைக்கு!

சாமான் எண்டது ஒரு குழல். ஈர்க்கு மாதிரி ஒரு நாணலிலை பின்னினது, ஆள் உயரம், கை மொத்தம். முதல்முதல் கண்டாப்போலை நான் என்னெண்டு நினைச்சனான் தெரியுமே? உங்களுக்குச் சொல்ல வெக்கமில்லை. எங்கடை நீத்துப்பெட்டியின்ரை பெரியண்ணன் எண்டு நினைச்சன். ஒரு நாள் பள்ளிக்கூடப் பிள்ளையள் வந்து கேக்க, இது புட்டு அவிக்கிற குழல் எண்டு கையைக் காலை ஆட்டி விளங்கப்படுத்தியும் விட்டிட்டன். அந்த ரீச்சர் கொப்பியிலை எழுதிக்கொண்டு போனவ. அப்ப பாருங்கோ, பொத்தான் வியாபாரிக்கு நான் ஒண்டும் குறைஞ்சவன் இல்லை. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிச் சொன்னால் எழுதிக்கொண்டு போக எப்பவும் ஒரு ஆள் இருக்கும்.

அது மரவள்ளி பிழியிறது அண்ணை. நாங்களும் மரவள்ளி திண்ட சனந்தானே? மூடாமல் அவிக்கவேணும், திண்டிட்டு இஞ்சி தொடக்கூடாது, அவ்வளவுதான் எங்கடை பயம். அவையின்ரை கிழங்கு அப்பிடி இல்லை, கடும் நஞ்சு. துருவி, இந்தக் குழலுக்குள்ளை அடைஞ்சு, மேலை கொழுவி, கீழை ஒரு தடியைக் குடுத்து அதிலை ஏறி இருப்பினமாம். குழல் நீள நீள நஞ்சுத் தண்ணி வடியும். மிஞ்சின மாவிலை ரொட்டி சுடுவினம். வடிஞ்ச தண்ணியையும் ஊத்திறேல்லை, காய்ச்சிக் காய்ச்சி நஞ்சைப் போக்கிக் குழம்புக்கு விடுவினம். இந்தப் பிழிகுழலுக்குப் பக்கத்திலை பொத்தான்காரர் என்ன எழுதினவர் எண்டால், கன்னிபாலன். கன்னிபால்களின்ரை சாமான். மனிசர் தின்னியள்!

ஆ... நீங்களும் பள்ளிக்கூடத்திலை அப்பிடித்தான் படிச்சனியளோ. யாழ்ப்பாணத்திலை பெரிய பள்ளிக்கூடம் எல்லோ. கரிபியர் எண்டால் ஆளைப் பிடிச்சுத் தின்னுறவங்கள், படமும் போட்டிருந்தது, என்ன? இவ்வளவு படிச்சும் அந்தச் சனத்தின்ரை பேர் உங்களுக்குத் தெரியாது. கலினாகோ. சொல்லிப் பாருங்கோ. கலி-னா-கோ. சரி, விடுங்கோ.

எனக்கு எப்பிடித் தெரியுமெண்டால், மூண்டு வருசத்துக்கு முன்னம், ரெண்டாயிரத்தி மூண்டிலை, டொமினிக்கா தீவிலையிருந்து ஒரு மனிசியைக் கூப்பிட்டவை. கலினாகோ மனிசி. கூடை பின்னிறவ. மூண்டு நாள் கீழ் மண்டபத்திலை நிலத்திலை இருந்து பின்னிக் காட்டினவ. ரெண்டு தட்டாப் பின்னி நடுவிலை இலையை வைச்சு, மழைத்தண்ணி ஒரு சொட்டு உள்ளை போகாத கூடை. டொக்டரம்மா வைன் கிளாசோடை வந்து, இவ கரிபியரின்ரை கடைசி வாரிசு எண்டு எல்லாருக்கும் அறிமுகப்படுத்தினவ. மனிசி நிமிந்தும் பாக்கேல்லை. பேந்து என்னட்டை இங்கிலீசிலை சொல்லுறா, நாங்கள் மூவாயிரம் பேர் இருக்கிறம், என்ரை அக்காவுக்கே ஒன்பது பிள்ளையள், இவை எந்தக் கடைசியைச் சொல்லுகினம் எண்டு. அண்டைக்குத்தான் இந்த மியூசியத்துக்குள்ளை நான் முதல்முதலாச் சத்தம் போட்டுச் சிரிச்சனான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலை என்ரை அறைக்கு வந்தவ. பிழிகுழலைக் கண்டிட்டு, எங்கடை வீட்டிலை இப்பவும் இருக்கு எண்டு சொன்னவ. பிறகு அட்டையைக் காட்டி, இதிலை என்ன எழுதியிருக்கு, வாசிச்சுச் சொல்லு எண்டா.

நான் அப்ப டொல்மெச்சர் அண்ணை. உங்கடை வேலை. என்ன செய்தனான் எண்டு நினைக்கிறியள்? பொய் சொன்னனான். டொமினிக்கா மக்களின்ரை குழல் எண்டு போட்டிருக்கு எண்டு சொன்னன். மனிசி என்ரை முகத்தைப் பாத்தா. விரலைக் கண்ணாடியிலை வைச்சு, அந்தச் சொல்லைத் தடவி, நீ ஏன் கஷ்டப்படுறாய், எனக்கு ஜெர்மன் தெரியாது, ஆனால் இந்தச் சொல்லை எந்தப் பாஷையிலை எழுதினாலும் எனக்கு வாசிக்கத் தெரியும், இது எங்களைக் கூப்பிட்ட பேர்தானே எண்டா. எனக்கு நிலத்துக்குள்ளை போயிடலாம் போலை இருந்தது.

அதுக்குப் பிறகுதான் நான் வாசிக்கத் தொடங்கினனான். ஓம், காவல்காரன் வாசிப்பான். கொலம்பஸ் எண்ட பெரிய மனிசன் முதல் போய் இறங்கினது இவையின்ரை தீவிலை இல்லை, இவைக்குப் பயந்த வேறை சனத்தின்ரை தீவிலை. அங்காலை ஆர் இருக்கினம் எண்டு கையாலை காலாலை கேட்டிருக்கிறார். பயந்த சனம் ஒரு பேரைச் சொல்லியிருக்கு. இவருக்குக் கனிபா எண்டு கேட்டிருக்கு. இவர் தேடி வந்ததோ கான் எண்ட சீனத்து ராசாவை. அப்ப இவை கானின்ரை ஆக்களாக்கும் எண்டு எழுதி வைச்சவராம்! எப்பிடி மூளை? பேந்து அந்தப் பேரைத்தான் கரிபியர் எண்டும் கன்னிபால் எண்டும் திரிச்சு, மனிசர் தின்னியள் எண்டு மாத்தினவை. அங்கை ஒரு தீவார், இஞ்சை ஒரு கப்பல்காரன், ஒருத்தன்ரை பாஷை மற்றவனுக்குத் தெரியாது, ஆனால் பேர் மட்டும் முடிவாப் போச்சுது.

பத்துப் பதினொரு வருசத்திலை ஸ்பெயின் ராணி ஒரு கட்டளை போட்டா. மனிசரைத் தின்னுறவையைப் பிடிக்கலாம், விக்கலாம். பிறகென்ன, ஆளைப் பிடிக்க வேணுமெண்டால் அந்தத் தீவிலை தின்னுறாங்கள் எண்டு எழுதினால் காணும். திண்டதை ஆர் கண்டது எண்டு ஒருத்தனும் கேக்கேல்லை. நீங்கள் ஆர், உங்களை நீங்கள் என்னெண்டு சொல்லுறனீங்கள் எண்டும் கேக்கேல்லை. நூற்றைம்பது வருசம் கழிச்சு ஒரு பிரெஞ்சுச் சாமியார் போய், கன காலம் அவையோடை இருந்து, கேட்டு எழுதினவர். ஆம்பிளையள் கலினாகோ எண்டினம், பொம்பிளையள் கலிபோனாம் எண்டினம். ஒரே வீட்டுக்குள்ளை அவைக்கு ரெண்டு பேச்சு அண்ணை. தாய் ஒரு சொல்லுச் சொல்லுவா, தேப்பன் அதே சாமானுக்கு வேறை சொல்லுச் சொல்லுவான். பெடியன் வளர வளர தேப்பன்ரை சொல்லைப் பழகுவான். ஆனாலும் ஒருத்தருக்கு மற்றவர் சொல்லுறது விளங்கும். விளங்கவேணும் எண்டு இருந்தால் விளங்கும்தானே.

டொக்டரம்மாவிட்டைச் சொன்னனான். இந்த அட்டையை மாத்துங்கோ எண்டு. அவ சொன்னது, அது சரித்திரப் பத்திரமாம், யோசிக்க ஒரு குழு போட்டிருக்கினமாம். மூண்டு வருசமா அந்தக் குழு கேக் திண்டுது. போன மாசம் நான் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்திட்டு, என்ரை கையாலை வேறை ஒண்டு எழுதி வைச்சன். கலினாகோ மக்கள், மரவள்ளியிலை நஞ்சு பிழியிற குழல். எழுத்துப் பிழை ஒண்டும் இல்லை. பதினாறு நாள் ஒருத்தருக்கும் தெரியேல்லை அண்ணை! இவ்வளவுதான் இவையின்ரை கவனம்.

ஏன் போன மாசம் எண்டோ? நல்ல கேள்வி. டொல்மெச்சர் கேள்வி எல்லாம் கேப்பினம் எண்டு எனக்குத் தெரியாது. போன மாசம் டுசல்டோர்ஃபிலை உங்களுக்கு விழா எடுத்தவை எல்லோ? இருபது வருச மொழிச் சேவை. பொன்னாடை போட்டு, மைக்கிலை ஒருத்தர் அழுதார், இவர் இல்லாட்டி எங்கடை சனம் ஊமையாப் போயிருக்கும் எண்டு. நானும் பின்வரிசையிலை இருந்தனான். எல்லாரும் எழும்பிக் கை தட்ட நானும் எழும்பினனான், கை தட்டேல்லை. மற்ற நாள் காலமை வந்து பெட்டியைத் திறந்தனான்.

தொண்ணூத்திரண்டு ஒக்டோபரிலை என்ரை தம்பிக்கு அசூல் விசாரணை, அகதியா ஏற்கிறதோ எண்டு கேக்கிறது. யூட்சன் எண்டு பேர். ஞாபகம் இருக்காது, உங்களுக்கு நாளைக்கு அஞ்சு பேர். பாருங்கோ, அண்டைக்கு எழுதின புறொட்டோகோல் என்னட்டை இருக்கு, கடைசிப் பக்கத்திலை உங்கடை கையெழுத்து. அவன் சொன்னது எனக்குப் பாடம், எத்தினை தரம் எனக்குச் சொல்லி அழுதவன். சம்மாட்டி சொல்ல நான் ஆக்களை ஏத்தி ராமேஸ்வரத்திலை விட்டனான். அவ்வளவுதான். தொண்ணூறிலை பேசாலையிலையிருந்து சனம் குஞ்சு குருமனோடை ஓடி வர, வள்ளத்திலை கூலிக்கு நிண்ட எல்லாப் பெடியளும் அதைத்தான் செய்தவங்கள். நீங்கள் ஜெர்மனிலை சொன்னது இந்தா, வாசியுங்கோ. அன்ஃபியூறரின்ரை கட்டளைப்படி ஆக்களைக் கடத்தினான். இயக்கத் தலைவன்ரை கட்டளைப்படி! சம்மாட்டி எண்டால் வள்ளமும் வலையும் சொந்தமா வைச்சிருக்கிற முதலாளி அண்ணை. எங்கடை கரையிலை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் கரைப்பக்கத்து ஆள் இல்லை, தெரியாது, அது பிழையில்லை. தம்பி, அதென்ன சொல்லு எண்டு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். மீன்பிடிக்கிறவனிட்டைக் கேக்க உங்களுக்குக் கூச்சமா இருந்திருக்கும். தமிழ் தெரிஞ்ச பெரிய மனிசன் எல்லோ!

இந்தப் பேப்பரை வைச்சுத்தான் தொண்ணூத்தைஞ்சிலை அவனைத் திருப்பி அனுப்பினவை. கொழும்பு எயார்போட்டிலை இறங்கினவன், வெளியிலை வரேல்லை. பதினொரு வருசமாச்சு, ஒரு தகவலும் இல்லை.

வேண்டாம். இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ. கதவு திறக்குது, கூப்பிடுகினம், எழும்புங்கோ. எனக்கு ஜெர்மன் உங்களைவிட வடிவா வரும் அண்ணை, டொல்மெச்சர் எனக்குத் தேவையே இல்லை. வேணுமெண்டு கேட்டது நான்தான், உங்கடை பேரை எழுதிக் குடுத்ததும் நான்தான். உள்ளை முதல் கேள்வி, அட்டையை ஏன் எடுத்தாய் எண்டு கேப்பினம். நான் ஒரு வசனம்தான் சொல்லுவன். என்ரை தம்பி ஒரு சம்மாட்டியின்ரை வள்ளத்திலை கூலிக்குப் போனவன். அதை அவைக்கு ஜெர்மனிலை சொல்லுங்கோ. ஆறுதலாச் சொல்லுங்கோ, நான் பக்கத்திலை இருந்து கேட்டுக்கொண்டிருப்பன்.