கேப்டன் கதவைத் தட்டினாரா?

அட, தள்ளி உக்காராதீங்கக்கா. இது தொத்து வியாதி இல்ல. கட்டியும் இல்ல, வீக்கமும் இல்ல. நானே செஞ்சு நானே நெத்தியில ஒட்டிக்கிட்டது. தொட்டுப் பாக்கிறீங்களா? சரி, வேணாம் விடுங்க. அந்தக் குழந்தை இப்பதான் அழுகையை நிறுத்தியிருக்கு, நான் சுவத்துப் பக்கமா திரும்பி உக்காந்துக்கிறேன்.

வேற்றுக்கிரகவாசிக்கா. ஆமா, இந்த வயசுலதான். ஐம்பத்தி நாலு. சிரிங்க, தாராளமா சிரிங்க, காலையிலேர்ந்து சிரிக்காத ஆளே கெடையாது. வாசப்படி இறங்கும்போது என் சம்சாரம் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. எதிர்வீட்டுக்காரங்க கதவைத் திறக்குறதுக்குள்ள தெருவைத் தாண்டிடுங்கன்னா. முப்பது வருஷமா குடும்பம் நடத்துறவ, அவளுக்கு இதுக்கு மேல என்னால அதிர்ச்சி குடுக்க முடியல.

உங்களுக்குக் கால்ல என்ன? வழுக்கிட்டீங்களா? எக்ஸ்ரே படம் வர நேரமாகும்க்கா, இங்க அவசரம்னு சொன்னா இன்னும் மெதுவா செய்வாங்க. நல்லா நீட்டி உக்காருங்க.

என் தொழிலா? பல் செட்டு செய்றது. டாக்டர் இல்லக்கா, டாக்டருக்குப் பின்னாடி இருக்கிற ஆளு. அவர் நோயாளி வாயில அச்சு எடுத்து அனுப்புவாரு, நான் ஈறு செஞ்சு பல்லைக் கோத்து அனுப்புவேன். இது அந்த ஈறு செய்ற ரோஸ் மாவுதான். என்கிட்ட வேற என்ன இருக்கு? மூணு வரம்பு எழுப்பி, நல்லா மெருகு போட்டு, மேல பச்சைப் பெயிண்டு அடிச்சேன். சின்ன வயசுல டிவியில பாத்த ஒரு விண்வெளித் தொடர், அதுல துணைக் கேப்டனுக்குப் பச்சை நெத்தி. மாநாட்டு மண்டபத்துல ஏசி செத்துப்போச்சு. பதினோரு மணிக்குள்ள பச்சையெல்லாம் வழிஞ்சு சட்டைக் காலருக்கு வந்துடுச்சு. மிச்சம் நிக்கிறது வெறும் ஈறு. ஒரு காலேஜ் பொண்ணு ரொம்ப மரியாதையா வந்து, அங்கிள் நீங்க எந்தக் கதையில வர்றீங்கன்னு கேட்டுச்சு. பல் ஆஸ்பத்திரிக் கதையிலம்மான்னேன்.

என்ன மாநாடா? விண்வெளிக் கதை ரசிகருங்க எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை கூடுவாங்களாம். அவனவன் ராக்கெட்டு, ரோபோன்னு வேஷம் கட்டிக்கிட்டு வருவான். நடிகருங்களும் வருவாங்க, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கலாம், பேசலாம். முப்பது விநாடி. ஒரு பொண்ணு கடிகாரத்தைக் கையில வச்சுக்கிட்டு நிக்கும்.

நாங்க மூணு பேர் போனோம். நானு, டிரைவர், வாத்தியார். டிரைவர் பஸ் ஓட்டுறான், வாத்தியார் பள்ளிக்கூடத்துல பௌதிகம் நடத்துறான். மூணு பேருக்கும் ஒரே நீலச் சட்டை. இருபது வயசுல தச்சது. டிரைவருக்கு மேல் ரெண்டு பட்டன் மட்டும்தான் போட முடிஞ்சுது, கீழ வயிறு தனியா விண்வெளிக்குப் போய்க்கிட்டு இருந்துச்சு. வாத்தியார் காலையிலேர்ந்து கண்ணுல பட்ட ராக்கெட்டை எல்லாம் இது பறக்காது, இது பறக்காதுன்னு சொல்லிக்கிட்டே வந்தான். அட்டையில செஞ்சதுடா, அது எப்படிடா பறக்கும்?

இல்லக்கா, மொத்தம் நாலு பேரு. நாலாவது ஆள் வரல. அவனுக்கும் எனக்கும் பேச்சு இல்ல. பதினோரு வருஷமாச்சு. மைக்குன்னு கூப்பிடுவோம். உங்களுக்கு அவனைத் தெரியும். தெரியும்க்கா! ரயில்வே ஸ்டேஷன்ல பயணிகள் கவனத்திற்குன்னு ஒரு குரல் வருமே, கனமா, நிதானமா... அவன்தான். ஒருதடவை சொல்லிப் பதிஞ்சு வச்சுட்டாங்க. நானும் தெனம் எட்டு மணி வண்டிக்குத்தான் போறேன். என்கூடப் பேச மாட்டேன்னு சபதம் எடுத்த ஆளு, தெனம் காலையில நாலாவது நடைமேடைக்குப் போன்னு எனக்கு உத்தரவு போடுறான். நானும் வாயை மூடிக்கிட்டுப் போறேன்.

சண்டை எதுக்குன்னு கேட்டா எழுந்து போயிடுவீங்க. கேப்டன் செத்தாரா இல்லையாங்கிறதுக்கு.

உண்மையாத்தான்க்கா. அந்தத் தொடரோட கடைசிக் காட்சி. கப்பல்ல ஓட்டை விழுந்துடும். மத்தவங்களைக் காப்பாத்த கேப்டன் உள்ள போய் இரும்புக் கதவைச் சாத்திக்குவாரு. திரை இருட்டாயிடும். அந்த இருட்டுல டொக்குன்னு ஒரே ஒரு தட்டு. அவ்வளவுதான், முடிஞ்சுது. அடுத்த வருஷம் தொடரே வரல. மைக்கு சொல்லுவான், தட்டினது கேப்டன், உசுரோட இருக்காரு. நான் சொல்லுவேன், காத்தே இல்லாத இடத்துல என்னத்தைடா தட்டுவாரு, செத்தாச்சு. இதை இருபத்தி நாலு வருஷம் பேசியிருக்கோம். எனக்குக் கல்யாணம் ஆன அன்னைக்கு மேடைக்கு வந்து கையைக் குடுத்துட்டு, தட்டினாருடான்னு காதுல சொல்லிட்டுப் போனவன் அவன். சந்தோஷமாத்தான் சண்டை போட்டுக்கிட்டு இருந்தோம்.

டிரைவர் பொண்ணு கல்யாண வரவேற்புல கெட்டுப்போச்சு. மைக்குதான் அன்னைக்கு அறிவிப்பெல்லாம். சாப்பாட்டுக்கு முன்னாடி பேச்சு ஆரம்பிச்சுது, வழக்கம்போல அவன் குரலைக் கூட்டினான், நாலு பேர் அவன் பக்கம் சேந்துக்கிட்டாங்க. அவன் பேசினா சேருவாங்கக்கா, அப்படிப்பட்ட குரல். எனக்கு ரோஷம் வந்துடுச்சு. நியாயம் இல்லாதவனுக்கு ரோஷம்தானே முதல்ல வரும். அந்த வாயைத் தவிர உன்கிட்ட வேற என்னடா இருக்குன்னு கேட்டுட்டேன். அவன் அப்ப வேலை போய் உக்காந்திருந்த நேரம். வேணும்னேதான் சொன்னேன், எங்க அடிச்சா வலிக்கும்னு தெரிஞ்சே சொன்னேன். அவன் கையில இருந்த மைக்கை மேசை மேல வச்சான். ஆஃப் பண்ணல. அவன் நடந்து போற செருப்புச் சத்தம் மண்டபம் பூரா ஸ்பீக்கர்ல கேட்டுச்சு.

இருங்க, போன் அடிக்குது. டிரைவர். அடிக்கட்டும் விடுங்க. ஒண்ணும் அவசரம் இல்ல.

எங்க விட்டேன்? ஆங். கேப்டனா நடிச்சவர் மாநாட்டுக்கு வர்றாருன்னு வாத்தியார் போன வாரம் வந்து சொன்னான். அவர்கிட்டயே நேராக் கேட்டுட்டா பதினோரு வருஷ வழக்கு தீந்துடும் இல்லையா? என் பக்கம் தீர்ப்பு வந்தா நேரா மைக்கு முன்னாடி போய் நின்னு, பாத்தியாடான்னு கேக்கலாம். அப்படித்தான் நெனச்சேன். ராத்திரி பகலா கேள்வியை மனப்பாடம் பண்ணேன். ஐயா, கடைசிக் காட்சியில கதவைத் தட்டினது நீங்கதானா, நீங்க உயிரோட இருக்கீங்களா. ஏழே விநாடி. பட்டறையில பல்லு தேய்க்கும்போதெல்லாம் இதையே முணுமுணுத்துக்கிட்டு இருந்தேன், பக்கத்து மேசைப் பையன் எனக்கு மந்திரிக்கணும்னு என் சம்சாரத்துக்குப் போன் போட்டுட்டான்.

ரெண்டு மணி நேரம் வரிசையில நின்னோம். என் முறை வந்துச்சு. போனேன். எழுபத்தஞ்சு வயசுக்கா அவருக்கு, இன்னும் அதே நிமிர்ந்த உடம்பு. என்னைப் பாத்து, வாங்க, என்ன விசேஷம்னு சிரிச்சாரு. எனக்கு ஒரு கெட்ட பழக்கம். நான் யாரையும் கண்ணைப் பாத்துப் பேசினதே இல்ல, வாயைத்தான் பாப்பேன். பாத்தேன். என் வாய் தானாத் திறந்து சொல்லுது: ஐயா, மேல் செட்டு உங்களுக்கு இடது பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது, சிரிச்சா கீழ இறங்குது, ஈறு புண்ணாகலையா?

ஆமாக்கா. அதைத்தான் கேட்டேன். முப்பத்தஞ்சு வருஷமாக் கும்பிட்ட மனுஷன்கிட்ட, நூறு பேர் முன்னாடி. கடிகாரப் பொண்ணு என் முழங்கையைப் புடிச்சு இழுக்குது. வாத்தியார் இவன் யாருன்னே தெரியாதுங்கிற மாதிரி கூரையைப் பாக்குறான். பூமி பிளந்து விழுங்கட்டும்னு நின்னேன், அதுக்குக்கூட நான் வேண்டாதவன்.

அவர் கையைத் தூக்கினாரு. இருங்கம்மான்னாரு. என்னைக் கூப்பிட்டு, விளம்பரத் தட்டிக்குப் பின்னாடி கூட்டிக்கிட்டுப் போனாரு. மூணு மாசமா வலிக்குது தம்பி, பிரமாதமாப் பொருந்தியிருக்குன்னு டாக்டர் சொல்றாரு, நீ எப்படிப் பாத்த உடனே சொன்னேன்னாரு. என் நெத்தி ஓரம் உறுத்தினா தேய்ச்சுக்கலாம்னு ஒரு சின்ன அரம் பையில வச்சிருந்தேன். கழட்டிக் குடுங்கன்னேன். குடுத்தாரு. கேப்டனோட மேல் வரிசை, என் உள்ளங்கையில. கையெழுத்து வாங்கப் போன இடத்துல எவனுக்குக்கா இப்படி அமையும்?

அரத்தால நாலு இழுப்பு, தண்ணி விட்டுக் கழுவி, மாட்டிப் பாருங்கன்னு நீட்டுறதுக்கு முன்னாடி கேட்டுட்டேன். ஐயா, அந்தத் தட்டு.

பல்லு இல்லாத வாயால சொன்னாரு, அதனால கொழகொழன்னு வந்துச்சு, ஆனா தெளிவாப் புரிஞ்சுது. தட்டா? அது தச்சன்ப்பா. பக்கத்து ஷூட்டிங் தளத்துல ஆணி அடிச்சுக்கிட்டு இருந்தான். அந்தச் சத்தத்தை வெட்ட மறந்துட்டாங்க. கேப்டன் கதவைச் சாத்தினதோட சரி, செத்தாச்சுன்னுதான் எனக்குக் கதை சொன்னாங்கன்னாரு.

பாத்தீங்களா? நான் சொன்னதுதான் சரி! முப்பத்தஞ்சு வருஷமா நான் சொன்னதுதான் சரி. மாட்டிவிட்டேன், கச்சிதமா உக்காந்துச்சு, அவர் என்னைக் கட்டிப்புடிச்சாரு, பச்சைப் பெயிண்டு அவர் கோட்டுல ஒட்டிச்சு. வெளிய வந்தா, என்னடா சொன்னாருன்னு ரெண்டு பேரும் புடுங்குறாங்க. அப்புறம் சொல்றேன்னேன். இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன். வண்டியில வரும்போது அந்தச் செருப்புச் சத்தம்தான் காதுல கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

என் டோக்கன் நம்பரா? இல்லக்கா, நான் நம்பரே வாங்கல. ஓ, இதை எடுக்க வந்து உக்காந்திருக்கேன்னு நெனச்சீங்களா? இதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? என் பட்டறையில ஒரு குப்பி இருக்கு, பஞ்சுல தொட்டுத் தடவினா ரெண்டு நிமிஷத்துல கழண்டுடும். நான்தான் எடுக்கல. என் சொந்த மூஞ்சியைப் பாத்தா அவன் சுவத்துப் பக்கம் திரும்பிக்குவான். இதைப் பாத்தா முதல்ல சிரிச்சாகணும்.

மைக்குதான்க்கா. மேல மூணாவது மாடியில இருக்கான். டிரைவரும் வாத்தியாரும் அப்பவே போயிட்டாங்க, அதான் போன் மேல போன். நான் செருப்பு வார் அறுந்துடுச்சு, போங்க வர்றேன்னு சொல்லிட்டு இங்க உக்காந்து முக்கால் மணி நேரமா உங்க உசுரை வாங்கிக்கிட்டு இருக்கேன். நாளைக்குக் காலையில ஆபரேஷன். தொண்டையில கட்டி. குரல்வளையை எடுத்துடுறாங்களாம். உசுருக்கு ஒண்ணும் இல்லையாம், ஆள் நல்லா நடமாடுவானாம். பேச்சு மட்டும் வராதாம். ஸ்டேஷன்ல இருக்கிறது இருக்கும்.

போனதும் சொல்லிடுவேன். நீதான்டா சரி, தட்டினது கேப்டன்தான், அவர் வாயாலயே சொன்னாருடான்னு. பொய்தான். பொய்ப்பல்லு செஞ்சு பொழைக்கிறவனுக்கு இது வராதா என்ன? தச்சன் விஷயம் உங்களோட இருக்கட்டும்.

மணி என்னாச்சு, அஞ்சரையா? ஆறு மணி வரைக்கும்தான் விடுவாங்க. எழுந்திரிக்கிறேன். நெத்தி நேரா இருக்கா பாருங்க? சரி. நீங்க படம் வர்ற வரைக்கும் இங்கதானே இருப்பீங்க. கொஞ்ச நேரத்துல மேலேர்ந்து ஒருத்தன் ஜெயிச்சுட்டேன்னு கத்துவான், அப்புறம் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான். பயந்துடாதீங்க. பதினோரு வருஷத்துத் திட்டு, அவனுக்கு இன்னைக்கு விட்டா முடியாது. கதவைச் சாத்தாம வைக்கிறேன். நல்ல குரல்க்கா. நீங்களும் கேட்டு வைங்க.