படுக்கையறையில் வரமகாலட்சுமி

பெங்களூர் அடுகோடி சிக்னலில் பஸ் நின்றது. மழை விட்ட தார்ச்சாலையிலிருந்து ஆவி எழுந்து கொண்டிருந்தது. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவள் சொன்னாள்: "இந்த வருஷம் வரமகாலட்சுமியை பெட்ரூம்லதான் உக்கார வைக்கப் போறேன்."

"பெட்ரூம்லயா? ஏன்க்கா?"

"பக்கத்து வீட்டுக்காரன் கக்கூஸ் நாத்தம் போற பைப்பை என் பெட்ரூம் ஜன்னலுக்கு நேரா முடிச்சிட்டான். மொட்டை மாடிக்கு மேல ஏத்துப்பான்னு சொன்னா, ஜன்னலை மூடிக்கோங்கன்றான். அடுத்த மாசம் என் பொண்ணு பிரசவத்துக்கு வர்றா. அவளுக்குக் குடுக்க அந்த ஒரு ரூம்தான் இருக்கு."

"அதுக்கு சாமி என்ன பண்ணும்?"

"அவன் பொண்டாட்டி வருஷா வருஷம் பூஜையன்னிக்கு அரிசின குங்குமம், அதான் மஞ்சள் குங்குமம், வாங்க வருவா, தெருப் பொம்பளைங்களோட. எல்லாரும் அந்த ஜன்னலோரம் உக்காரட்டும். மூக்கைப் பொத்திக்கிட்டே அவ எப்படித் தாம்பூலம் வாங்குறான்னு பாக்கறேன்."

"ஐயோ, அந்த நாத்தத்துல அம்மனை வைக்கலாமா அக்கா?"

"அம்மனுக்கு ஆகாதது என் பேரப்பிள்ளைக்கு மட்டும் ஆகுமா?"

பஸ் நகர்ந்தது. இளையவள் சொன்னாள்: "நான் முன்னாடியே வந்துடறேன்க்கா. அவன் பொண்டாட்டியைக் கையப் புடிச்சி ஜன்னலோரம் உக்கார வைக்கறது என் வேலை."