அழகுமீனாவின் இதய வால்வும் மாலை நடையும் பற்றிய வாக்குமூலம்

என் பெயர் வள்ளித்தாய், வயது 17, தந்தை பெயர் சோலைமலை. மல்லாங்கிணறு கீழத்தெருவில் அப்பா, அம்மாவுடன் வசித்து வருகிறேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் பருப்பு சலிக்கும் வேலைக்குப் போகிறேன். இறந்துபோன அழகுமீனா, வயது 22, என் உடன்பிறந்த அக்காள். அவளுடைய கணவர் பாண்டிமுருகன் விஸ்வநத்தத்தைச் சேர்ந்தவர், பட்டாசு கம்பெனியில் லோடு ஏற்றுபவர். என் அப்பா கொடுத்த புகாரின் பேரில் அவர் காவலில் இருக்கிறார். அக்காளுக்கு இருதய நோய் இருப்பதைத் திருமணத்துக்கு முன்பே சொல்லியிருந்தும், அவரும் அவருடைய தாயார் கருப்பம்மாளும் ஊசி போட விடாமல் தடுத்து, கர்ப்பிணியை நடக்க வைத்தே கொன்றார்கள் என்று புகாரில் உள்ளது. அது பற்றி எனக்கு நேரில் தெரிந்ததைச் சொல்ல நானாகவே வந்தேன். பலர் முன்னால் பேச வராது என்று நான் சொன்னதால், ஒரு பெண் காவலரை மட்டும் உடன் வைத்துக்கொண்டு கோட்டாட்சியர் அவர்கள் என்னை விசாரித்தார்கள்.

அக்காள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது காய்ச்சல் வந்து முழங்கால்கள் வீங்கின. அதன் பிறகு பள்ளி விளையாட்டு விழாவில் ஓடும்போது மயங்கி விழுந்தாள். விருதுநகரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது அம்மாவோடு நானும் போனேன். அங்கே டாக்டரம்மா முதலில் அக்காளின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். அதன் பிறகு இடது பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்லி, நெஞ்சில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார். அதன் பிறகு வயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்து, குளிர்ந்த பசையைத் தடவி எக்கோ பார்த்தார்கள். திரையில் இருதயத்துக்குள் ஒரு கதவு பாதி திறந்து மூடுவதை டாக்டரம்மா அம்மாவுக்குக் காட்டினார். அதன் பிறகு அக்காளை வராந்தாவில் வேகமாக நடந்து வரச் சொல்லி, வந்தவுடன் அவளுடைய பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசச் சொன்னார். மூச்சு எங்கே விட்டுப் போகிறது என்று பார்ப்பதற்காக அப்படிச் செய்வதாக என்னிடம் சொன்னார்.

“வால்வு சுருங்கியிருக்கு. மூணு வாரத்துக்கு ஒரு தடவை ஊசி போட்டே ஆகணும். கல்யாணம் பண்ணலாம், ஆனா பிள்ளை உண்டாகுறதுக்கு முந்தி இங்க கூட்டிட்டு வரணும்” என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம், “பேசும்போது மூச்சு வாங்குனாலோ, மல்லாக்கப் படுக்க முடியலன்னு சொன்னாலோ அன்னைக்கே கொண்டு வந்துரு” என்றார்.

அதிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டு வந்தோம். நான்தான் துணைக்குப் போவேன். “ஏடி வள்ளி, ஊசி எனக்குடி, நீ எதுக்குக் கண்ண மூடுற?” என்று அக்காள் என்னைக் கேலி செய்வாள்.

அதன் பிறகு அக்காளுக்கு வந்த முதல் வரன், அவள் ஊசி போடுவது தெரிந்து நின்றுபோனது. அப்பா அன்றோடு ஊசியை நிறுத்தச் சொன்னார். அக்காள் அப்போது நன்றாக இருந்ததால் அம்மாவும் ஒப்புக்கொண்டார். அதன் பிறகு விஸ்வநத்தத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கருப்பம்மாள் அத்தை, “பிள்ளைக்கு மேலுக்குச் சீக்கு ஏதும் உண்டாண்ணே? மறைக்காமச் சொல்லுங்க” என்று கேட்டார். “மலை ஏறச் சொன்னாலும் ஏறிட்டு வரும் தங்கச்சி, கவலைப்படாதீக” என்று அப்பா பதில் சொன்னார். நான் காப்பித் தட்டோடு பக்கத்தில் நின்றேன். நோயைப் பற்றி அன்றும் சொல்லவில்லை, அதன் பிறகும் எங்கள் வீட்டில் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

திருமணத்துக்குப் பிறகு அக்காளும் பாண்டிமுருகன் மாமா வேலை பார்க்கும் கம்பெனியில் பெட்டி ஒட்டப் போனாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கம்பெனியில் டாக்டர் வந்து எல்லோருக்கும் நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கும் நாளில் மட்டும் காய்ச்சல் என்று வீட்டில் இருந்துகொண்டதாக போனில் என்னிடம் சொன்னாள். கர்ப்பமான பிறகு மாமா அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். மாதச் செக்கப்புக்குப் போன இடத்தில் முன்பு ஏதாவது நோய் இருந்ததா என்று நர்ஸ் கேட்டபோது, மாமியார் பக்கத்தில் நின்றதால் இல்லை என்று சொல்லியிருக்கிறாள்.

ஆறாவது மாதத்தில் மாமா அப்பாவுக்கு போன் செய்தார். அப்பா சத்தமாக வைத்துப் பேசியதால் எனக்கும் கேட்டது. “மாமா, மீனாவுக்கு ரொம்ப மூச்சு வாங்குது. சின்னப் பிள்ளையில சீக்கு ஏதும் இருந்துச்சா?” என்று கேட்டார். அப்பா, “வயித்துப்பிள்ளைக்காரிக்கு மூச்சு வாங்காம யாருக்கு வாங்கும் மாப்ள? அவ எங்க வீட்ல வேலையே செய்யாம வளந்தவ. நல்லா நடக்கச் சொல்லுங்க, சரியாப் போகும்” என்று சொன்னார். போனை வைத்த பிறகு அப்பா சாப்பிடாமல் காட்டுக்குப் போய்விட்டார்.

அன்று முதல் மாமா, கம்பெனியிலிருந்து வந்ததும் அக்காளைத் தினமும் நடக்கக் கூட்டிப் போயிருக்கிறார். அக்கம்பக்கத்தார் பார்த்ததாகச் சொல்வது இதைத்தான்.

அதன் பிறகு ஏழாம் மாத வளைகாப்பு வேலைக்கு உதவ, நான் இரண்டு நாள் முன்னதாகவே விஸ்வநத்தம் போனேன். போய்ச் சேர்ந்த அன்று மதியம் அக்காள் அரிசி மூடையில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே உறங்கிக்கொண்டிருந்தாள். கால்கள் வீங்கி, கொலுசைக் கழற்றி வைத்திருந்தாள். “படுத்தா வயிறு அழுத்துதுங்கா. அதான் மூடைய இங்கன இழுத்துப் போட்டேன். பாவம், புள்ள உறங்கட்டும்” என்று அத்தை சொன்னார். அத்தை கடைக்குப் போன பிறகு அக்காளிடம் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். “இப்பச் சொன்னா நம்ம அப்பா பொய்யராயிருவாரு. வளைகாப்பு முடிஞ்சு நம்ம வீட்டுக்குத்தானே வரப்போறேன், அங்கன இருந்து போய்க்கிடலாம்” என்றாள். அதைச் சொல்லி முடிக்க நடுநடுவே மூச்சு வாங்கினாள். நான் அப்பாவுக்கு போன் செய்து, அக்காளால் படுக்க முடியவில்லை என்றேன். “ரெண்டு நாள் பொறு. வளையலைப் போட்டுக் கூட்டிட்டு வந்து நேரா ஆஸ்பத்திரிக்குத்தான்” என்று அப்பா சொன்னார்.

மறுநாள் மாலை மாமா வந்ததும் மூவரும் நடக்கப் போனோம். போகும்போது நடக்க வேண்டாம் என்று நான் அக்காளின் கையைப் பிடித்தேன். அவள் கையை உருவிக்கொண்டு முன்னால் போனாள். பெட்டிக்கடை தாண்டியதும் நின்றாள். “என்னத்தா, ஒரு எட்டுக்கு ஒரு ஸ்டாப்பிங் போடுற? நீ என்ன டவுன் பஸ்ஸா?” என்று மாமா கேட்டார். “உங்க பிள்ளைதான் இறங்கி நடக்க மாட்டேங்கு. அப்பன் மாதிரியே சோம்பேறி” என்று சொல்லி அக்காள் சிரித்தாள். மாமா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார், அவளைப் பிடித்து இழுக்கவோ அதட்டவோ இல்லை. அதன் பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அக்காள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருமலோடு இளஞ்சிவப்பாக நுரை வந்தது. மாமா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி, எதிரில் வந்த லோடு ஆட்டோவில் ஏற்றினார். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் அக்காளை மடியில் சாய்த்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன்.

சிவகாசியில் ஆஸ்பத்திரி டாக்டர், இதற்கு முன் இருதயத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டார். “ஒண்ணும் கிடையாது சார், நல்ல பிள்ளை” என்று மாமா சொன்னார். அப்போது நான், வால்வு சுருங்கியிருக்கிறது, ஊசியை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது என்று சொன்னேன். டாக்டர் உடனே குழல் வைத்துப் பார்த்து, ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, ஈசிஜி எடுக்கச் சொன்னார். வயர் ஒட்டும்போது அக்காள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அக்காளும் குழந்தையும் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

வராந்தாவில் மாமா என்னைத் திட்டவோ அடிக்கவோ இல்லை. “தெரிஞ்சிருந்தா நடக்க விட்டிருப்பனா வள்ளி?” என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு அப்பா வந்து, அக்காளின் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்த பிறகுதான் புகார் கொடுக்கப் போனார். என்னையும் அப்படியே சொல்லச் சொன்னார். அப்பாவுக்கு அக்காள் மேல் பிரியம் இல்லை என்று யாரும் எழுதக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நோயைப் பற்றி அவர் மாமாவிடம் சொன்னதாகச் சொல்வது நடக்கவில்லை.

இன்று நான் இங்கே வருவது அம்மாவுக்குத் தெரியும். அம்மா தடுக்கவில்லை.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்கு: அக்காள் இறந்ததற்கு முந்தின நாள் மதியம், இவ்வளவு மூச்சு வாங்கியும் ஏன் தினமும் நடக்கப் போகிறாய் என்று அக்காளிடம் கேட்டேன். சீசன் நேரத்தில் மாமா விடியுமுன் லோடுக்குப் போய்விடுவார், வந்ததும் அசந்து உறங்கிவிடுவார், அந்த நடையில் மட்டும்தான் அவர் தன்னோடு பேசிக்கொண்டு வருகிறார், அதனால் வரமாட்டேன் என்று சொல்ல மனசு வரவில்லை என்றாள். மாமா கேட்டபோது இதை என்னால் சொல்ல முடியவில்லை. இனி அவரைப் பார்க்க என்னை விடமாட்டார்கள் என்பதால், இதையும் இதில் எழுதி அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டேன்.

நான் சொன்னபடியே எழுதப்பட்ட இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கேட்டேன், சரியாக இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுத்து நான் இதைச் சொல்லவில்லை. இதில் உள்ளது முழுவதும் உண்மை.

(ஒப்பம்)
சோ. வள்ளித்தாய்