வாய்க்குள் ஒரு திருகாணி

உங்கள் காபி நன்றாகவே இருக்கிறது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். பல்லுக்கு ஆகாது. தொழில் புத்தி, மன்னித்துக்கொள்ளுங்கள்.

எதையும் மறைக்கப்போவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேட்டு முடித்தபின், என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பீர்கள் என்று உங்களுக்கே தோன்றும்.

நான் பல் டாக்டர். கீழே கிளினிக், மாடியில் வீடு. சொத்தைப் பல் பார்க்க ஊரில் ஆள் நிறைய உண்டு. குறட்டைக்குக் கிளிப் போட நான் ஒருவன்தான். தூங்கும்போது கீழ்த்தாடை பின்னால் சரியும், நாக்கு தொண்டையை அடைக்கும். சிலருக்கு மூச்சே சற்று நின்றுபோய், பிறகு திணறிக்கொண்டு திரும்பும். அதற்காக, மேல் பல்லுக்கு ஒரு தட்டு, கீழ்ப் பல்லுக்கு ஒரு தட்டு, இரண்டையும் பிணைக்க ஒரு குட்டித் திருகாணி. சாவி போட்டுத் திருகினால் கீழ்த்தாடை மயிரிழை முன்னால் வரும், காற்று சத்தமில்லாமல் போய்வரும். தனித்தனி அறையில் படுத்த எத்தனையோ தம்பதிகளை நான் ஒரே கட்டிலுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடுவார்கள். "நான் குறட்டையே விடுறதில்ல டாக்டர், இவதான் சும்மா சொல்றா." நான் சிரித்துக்கொண்டே சொல்வேன்: குறட்டை விடுகிறவனுக்கு மட்டும் அது கேட்காது, கேட்கிறவன் விடுவதில்லை. என் மொத்தத் தொழிலும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

மதியம் சாப்பிட்டதும் கொஞ்சம் கண் அயர்வது என் வழக்கம். அப்படி ஒரு நாள், பயங்கரமான குறட்டை ஒன்று என்னைத் தூக்கிவாரிப்போட்டு எழுப்பியது. பக்கத்தில் என் மனைவி படுத்திருந்தாள்.

"நீ குறட்டை விடுற," என்றேன்.

"நானா? நான் இன்னும் கண்ணையே மூடலைங்க. விட்டது நீங்க. தெருவுக்கே கேட்டிருக்கும்."

மறுப்பதுதான் இந்த நோயின் முதல் அறிகுறி. சத்தம் என் காதில் விழுந்தது, ஆகவே நான் இல்லை. மிச்சம் இருந்தது அவள்தான். எவ்வளவோ பொறுமையாக விளக்கினேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றாள். கடைசியில், "சரி, போட்டுத் தொலைங்க. உங்க நிம்மதிக்கு," என்று வாயைத் திறந்தாள். அச்செடுத்துக் கிளிப் செய்து மாட்டினேன்.

குறட்டை நிற்கவில்லை. தினமும் ஒரு சுற்று திருகினேன்.

அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவள். அந்தக் குரலைக் கேட்டு மயங்கித்தான் அவளைக் கட்டிக்கொண்டேன். எந்த வண்டி எந்த நடைமேடை என்று அவள் சொன்னால், அரைத் தூக்கத்தில் இருப்பவனும் சரியான வண்டியில் ஏறுவான். நான் திருகத் திருக, முன்னால் வந்த தாடை விடிந்த பிறகும் பின்னால் போகவில்லை. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சந்திப்பதை விட்டுவிட்டன. ரொட்டியைக்கூடக் கடிக்க முடியவில்லை. அறிவிப்பு குழறியது. கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள் முன்பின் தெரியாத ஊரில் போய் இறங்கினார்கள்.

"எனக்குன்னு இருக்கிறது இந்தக் குரல் ஒண்ணுதாங்க. வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. கழட்டிடுங்க," என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் மனைவி என்று சலுகை காட்டினால் நான் என்ன டாக்டர்? அன்றைக்கு இரண்டு சுற்றாகத் திருகினேன்.

அக்காவுக்காகப் பேச அவள் தம்பி வந்து எங்களோடு தங்கினான். நல்ல பையன். "அத்தான், கோவிச்சுக்காதீங்க. குறட்டை விடுறது நீங்கதான். ஹால்ல உக்காந்து என் காதால கேட்டேன்," என்றான். அன்று மதியம் அவள் வேலைக்குப் போயிருந்தாள். அப்போதும் குறட்டை என்னை எழுப்பியது. வீட்டில் இருந்தது அவன் ஒருவன். சோபாவில் உட்கார்ந்திருந்தான், கண் திறந்துதான் இருந்தது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவர்கள் உண்டு, ஐயா.

"எனக்கு வேணா போடுங்க, அக்காவை விட்டுடுங்க," என்றான். பாசக்காரன். அவனுக்கும் போட்டேன். அவளை விடவில்லை. ஒரு வீட்டில் ஒருவர்தான் குறட்டை விடலாம் என்று சட்டமா இருக்கிறது?

பிறகுதான் தெரிந்தது, நான் கண் அசந்ததும் இருவரும் கிளிப்பைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். சொன்ன பேச்சைக் கேட்காத நோயாளியை வைத்துக்கொண்டு எந்த வைத்தியம் பலிக்கும், சொல்லுங்கள். பல் பிடுங்கப் பயப்படுகிறவர்களுக்கு நான் ஒரு மருந்து கொடுப்பேன். அதைக் காபியில் கலந்தேன். இருவரும் சாய்ந்ததும், உடைந்த பல்லுக்குத் தொப்பி ஒட்டுகிற சிமெண்டைக் குழைத்து, இரண்டு தட்டையும் பல்லோடு ஒட்டினேன். திருகாணியைக் கடைசி வரைக்கும் முறுக்கினேன். கஞ்சி குடிக்க உறிஞ்சுகுழல் வாங்கி வைத்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அதன் பிறகுதான் நிம்மதியாகப் படுத்தேன்.

மயக்கம் தெளிந்ததும் அவள் பேருந்து நிலையத்துக்கு ஓடியிருக்கிறாள். வேறு எங்கே போவாள், பாவம். மைக்கைப் பிடித்துக்கொண்டு, காப்பாற்றுங்கள் என்று கதறியிருக்கிறாள். அது யாருக்கும் புரியவில்லை. வழக்கமான அறிவிப்பு என்று நினைத்துக் கொஞ்சம் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐந்தாம் நடைமேடைக்குப் போய் நின்றார்களாம். கடைசியில் மேலதிகாரி, வேலையை விட்டு நிறுத்துவதற்காக அறைக்குள் வந்தபோதுதான் அவள் வாயைப் பார்த்தார்.

என் மைத்துனன் போனில் எடுத்த வீடியோவை நேற்று எனக்குக் காட்டினீர்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறேன், சத்தம் கேட்கிறது. கொஞ்சம் யோசியுங்கள், ஐயா. போனைப் பிடித்திருப்பது யார்? அவன். போனுக்குப் பக்கத்தில் இருப்பவன் சத்தம்தானே அதில் பெரிதாகப் பதியும்?

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் கிளிப்பை அறுத்து எடுத்துவிட்டார்களாம். அவள் தாடை இனிப் பழையபடி வராது, மைக் முன்னால் உட்கார முடியாது என்றீர்கள். அதற்காக நான் உண்மையிலேயே வருந்துகிறேன். ஆனால் நர்ஸ் சொன்னதையும் நீங்கள்தான் சொன்னீர்கள்: ஆஸ்பத்திரியில் அவள் அடித்துப்போட்டதுபோலத் தூங்குகிறாள், குறட்டை இம்மியும் இல்லை என்று. கேட்டதும் மனம் நிறைந்துவிட்டது. வைத்தியம் பலித்துவிட்டது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுத்தது நான். இரண்டு பேர் வாயையும் ஒட்டியது நான். யாரும் தூண்டவில்லை.

ஒன்றே ஒன்று. இன்று மதியம் இந்த அறையில் நான் தனியாகப் படுத்திருந்தேன். அதே குறட்டை, அதே சத்தம், என்னைத் தூக்கிவாரிப்போட்டு எழுப்பியது. எட்டிப் பார்த்தேன். கதவுக்கு வெளியே உங்கள் ஏட்டு நின்றுகொண்டிருந்தார். கண் திறந்துதான் இருந்தது. என் கிளினிக்கிலிருந்து அச்செடுக்கிற மாவை மட்டும் வரவழைத்துக் கொடுங்கள், ஐயா. அந்த மனிதருக்கும் வீட்டில் ஒரு மனைவி இருப்பாள்.